கேள்வி கேட்பவரின் கையைக் கட்டிய கதை: உத்திரமேரூர் முதல் ஓ.எம்.ஆர். வரை

தெற்கே இருந்து வரும் ரயில்கள் விடிகாலையில் தாம்பரத்தில் நிற்கும்போது ஒரு தனி ரகக் கூட்டம் இறங்கும். தோளில் ஒரு பை. கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி சான்றிதழ் வரை வரிசையாக அடுக்கியிருக்கும். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை சீவி, சிலர் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போவார்கள். சிலர் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பஸ் பிடிப்பார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம். எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே வேலை: இண்டர்வியூ.

ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவரின் தலையெழுத்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் கால் மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. இதை நாம் இயற்கையான விஷயம் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். ஆளைப் பார்க்காமல் எப்படி வேலை கொடுப்பது என்று கேட்கிறோம். ஆனால் ஒருவரை நேரில் பார்த்து, பேசவைத்து, மார்க் போட்டு வேலைக்கு எடுப்பது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நேர்காணலின் வரலாறு பெரும்பாலும் கேள்வி கேட்பவரின் கையைக் கட்டிப்போட எடுத்த முயற்சிகளின் வரலாறு. எங்கே கை கட்டப்பட்டிருக்கிறது, எங்கே அவிழ்ந்து கிடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் இண்டர்வியூவுக்குத் தயாராவதில் முதல் பாடம்.

குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

முதல் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பினால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தேர்தல் என்று சொல்லித்தான் நமக்குப் பாடம் நடத்தினார்கள். ஆனால் அதை ஆள் எடுக்கும் விதிமுறையாகவும் படிக்கலாம்.

ஊரின் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், இன்னும் சில வாரியங்கள். இவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் ஆள் வேண்டும். யார் வரலாம்? இரண்டாவது கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதப் பயிற்சி. நிர்வாக வேலையில் தேர்ச்சி. நேர்மையாகச் சம்பாதித்த பொருள். கடந்த மூன்று வருடத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது.

தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, 30 குடும்புக்கும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, குடத்தில் போடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எடுக்கிறான். ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். கூடியிருக்கும் நம்பிமாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரலைக் கவனியுங்கள். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைக்க முடியும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அல்லது ஒருவர் அப்படிச் செய்தே மாட்டியிருக்கலாம்!

இந்த முறையில் நேர்காணலே கிடையாது. தகுதி என்ன என்பது கல்லில் வெட்டியிருக்கிறது. அதற்கு மேல் "ஆளைப் பார்த்தா சரியாப் படலையே" என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. இது ஒரு பிரமதேய ஊர். நிலம், வேதம் என்ற நிபந்தனைகளிலேயே ஊரில் பெரும்பாலானோர் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள், பெண்கள் எல்லோரும் உட்பட. தேர்ந்தெடுப்பவரின் கையைக் கட்டிவிட்டு, விதியை எழுதியவரின் கையை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். இந்தச் சிக்கல் இன்றைக்கும் தீரவில்லை.

சிபாரிசிலிருந்து பரீட்சைக்கு

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே சிவில் அதிகாரியாக வர வேண்டுமானால் லண்டனில் கம்பெனி இயக்குநர் ஒருவரின் நியமனம் வேண்டும். சுத்தமான சிபாரிசு. 1854-ல் மெக்காலே தலைமையிலான குழு இதை மாற்றச் சொன்னது. 1855 முதல் லண்டனில் போட்டித் தேர்வு. எழுதினால் மார்க், மார்க் வந்தால் வேலை. ஆளின் தோரணையைப் பார்த்து எடைபோடும் நேர்காணல் அதில் இல்லை.

அது வந்தது முதல் உலகப்போரை ஒட்டி. 1917-ல் லீத்ஸ் குழு, பாடத்தைப் பற்றி இல்லாமல் பொது விஷயங்களைப் பற்றிப் பேசவைத்து, ஆளின் புத்திக்கூர்மையையும் சுதாரிப்பையும் அளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு 300 மதிப்பெண். இன்றைக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஆளுமைத் தேர்வின் பாட்டனார் இதுதான். எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த உச்சரிப்பு என்பதெல்லாம் பரீட்சைத் தாளில் தெரியாது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

சென்னை மாகாணத்தில் அப்போது கேள்வியே வேறாக இருந்தது: மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 1916 பிராமணரல்லாதார் அறிக்கை ஒரு கணக்கை முன்வைத்தது. 1912-ல் மாகாணத்தின் நிரந்தர மாவட்ட முன்சீப்கள் 128 பேர். அதில் பிராமணர்கள் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25. மீதிப் பேர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர் உள்ளிட்ட மற்றவர்கள். இந்தக் கணக்கு கிளப்பிய அரசியலில்தான் 1921-ன் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1929-ல் சட்டம் போட்டு மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் அமைத்தார்கள். மாகாண அளவில் இந்தியாவிலேயே அதுதான் முதல். இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. அதிகாரி தன் இஷ்டத்துக்கு ஆள் போடுவதை நிறுத்தி, அந்த வேலையைத் தனி அமைப்பிடம் கொடுத்தது பெரிய கட்டு.

ஃபெயிலான மாணவர் ஒருவரின் நேர்காணல்

கட்டு எதுவும் இல்லாத காலத்தில் நடந்த ஒரு நேர்காணலையும் பார்த்துவிடுவோம். 1910. எஃப்.ஏ. பரீட்சையில் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பனிலும் தோற்ற ஒரு இளைஞர், குமாஸ்தா வேலை கேட்டு இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு அலைகிறார். பெயர் சீனிவாச ராமானுஜன்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் போகிறார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததும் இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் போட்டுப் புதைக்கக் கூடாது என்று தோன்றி, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார். கடைசியில் விஷயம் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் வருகிறது.

அடுத்து நடந்ததை ராமச்சந்திர ராவே பின்னால் எழுதியிருக்கிறார். முதலில் ராமானுஜன் காட்டியது எதுவும் அவருக்குப் புரியவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்கிறார். அடுத்த தடவை ராமானுஜன், எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியாது என்பதை அளந்துகொண்டு வருகிறார். எளிமையான முடிவுகளை முதலில் காட்டுகிறார். அதிலிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகள், பிறகு மிகைப்பெருக்குத் தொடர்கள், கடைசியாகத்தான் விரிதொடர்கள் பற்றிய தன் சொந்தக் கோட்பாடு. அங்கே ராவ் விழுந்துவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சி செய்துகொண்டே உயிர்வாழ ஏதோ கொஞ்சம் பணம் போதும் என்பதுதான் பதில். மாதாமாதம் கொஞ்ச காலம் ராவ் பணம் அனுப்பினார்.

1912 பிப்ரவரி 9-ம் தேதி துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ராமானுஜன் வேலைக்கு மனுப் போட்டார். பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் சிபாரிசும் கூடவே போனது. மார்ச் 1 முதல் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா.

இந்தக் கதையை மேதை ஒருவரின் கதையாகவே சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது வாய்ப்பு. இன்றைய பத்து நிமிட நேர்காணலாக இருந்திருந்தால், புரியவில்லை என்ற முதல் நாளோடு கதை முடிந்திருக்கும். ராவிடம் நேரம் இருந்தது, மனசும் இருந்தது. எல்லா வேலை தேடுபவருக்கும் ஒரு ராமச்சந்திர ராவ் கிடைப்பார் என்று நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது. அதனால்தான் விதிகள் வேண்டியிருக்கின்றன.

ஆறு மேலாளர்கள், 36 பேர்

நேர்காணல் எவ்வளவு நம்பகமானது என்று முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் வால்டர் டில் ஸ்காட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1915-ல், விற்பனை வேலைக்கு வந்த 36 பேரை ஆறு மேலாளர்கள் தனித்தனியாக நேர்காணல் செய்து வரிசைப்படுத்தினார்கள். 28 பேர் விஷயத்தில், அவர் பட்டியலின் மேல்பாதியா கீழ்பாதியா என்பதிலேயே மேலாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதே ஆள்தான், கேட்டவர்தான் மாறினார்.

இதற்கு ராணுவம் ஒரு மாற்று கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் சின்ன நேர்காணலை வைத்தே அதிகாரிகளை எடுத்தது. பயிற்சியில் பலர் தேறவில்லை. 1942-ல் பல நாள் நடக்கும் தேர்வு வாரியங்கள் வந்தன, அடுத்த ஆண்டே இந்தியாவிலும். இன்றைக்கு எஸ்.எஸ்.பி. என்று நாம் சொல்வது இதைத்தான். ஐந்து நாள் நடக்கிறது. உளவியலாளர் எழுத்தை வைத்து மதிப்பிடுகிறார். குழுப் பயிற்சி அதிகாரி மைதானத்தில் பார்க்கிறார். மூன்றாமவர் நேர்காணல் செய்கிறார். மனசா, வாசா, கர்மணா என்று அவர்களே இதைச் சொல்வார்கள். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பரங்கிமலையில் 1963 முதல் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் இந்த ஐந்து நாளைத் தாண்டி வந்தவர்தான். நேர்காணல் இங்கே மூன்றில் ஒரு கண், அவ்வளவுதான்.

சில நிமிடம், 75 மார்க்

சட்டம் இதில் தலையிட்டதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று முக்கியமான படி. 1970-ல் இங்கே மருத்துவக் கல்லூரியில் சேர நேர்காணல் உண்டு. பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்காணலுக்கு 75. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மொத்தம் 275-ல் 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றது நீதிமன்றம். ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்திருந்தன, அதற்குள் ஒரு மாணவரை எடைபோட முடியாது என்றும் சொன்னது. ஐந்து தலைப்புகளில் தனித்தனியாகப் போட வேண்டிய மார்க்கை மொத்தமாகப் போட்டதையும் ஏற்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து, காஷ்மீரில் ஒரு பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. அங்கே இரண்டு மூன்று நிமிட நேர்காணல். கேட்டது என்ன? அப்பா யார், வீடு எங்கே என்பது மாதிரியான கேள்விகள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் போனால் அது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கோடு போட்டது. நேர்காணலை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. இரண்டுமே கல்லூரிச் சேர்க்கை வழக்குகள். ஆனால் பின்னால் வந்த அரசு வேலை வழக்குகளில் இவற்றை வைத்துத்தான் வாதம் நடந்தது.

விளைவை இன்று எண்ணிலேயே பார்க்கலாம். யூ.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸில் 2025-க்கு 275. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் 850-க்கு 100. குரூப் 4-க்கு நேர்காணலே கிடையாது. மத்திய அரசின் குரூப் சி, கெசட் பதிவு பெறாத குரூப் பி வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலை எடுத்துவிட்டார்கள். ஒரு வகையில் உத்திரமேரூர் பக்கமே திரும்பி வந்திருக்கிறோம், குடத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் தேர்வு.

கட்டு அவிழ்ந்த இடம்

ஆனால் தாம்பரத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அரசு வேலைக்குப் போகிறார்கள்? 1984-ல் சானடோரியம் பக்கம் மெப்ஸ் வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க். அதிலிருந்து பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வேலை தெற்கே நகர்ந்துகொண்டே போனது. இங்கெல்லாம் நேர்காணலுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் கோடு போடவில்லை. ஆப்டிட்யூட் தேர்வு தாண்டினாலும் கடைசியில் டெக்னிக்கல் ரவுண்டு, ஹெச்.ஆர். ரவுண்டு. முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "வீ வில் கெட் பேக் டு யூ" என்பதோடு சரி.

தனியார் நிறுவனம் தனக்கு வேண்டிய ஆளை எடுத்துக்கொள்கிறது, அதிலென்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மனம்போன போக்கில் பேசும் நேர்காணல் நிறுவனத்துக்கே லாபமில்லை. பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு என்று வைத்துக்கொண்டால், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் நேர்காணலுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் 0.42 அளவு தொடர்பு. இஷ்டத்துக்குப் பேசும் நேர்காணலுக்கு 0.19.

சரி, எப்படித் தயாராவது?

வரலாறு படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்காக.

ஒன்று. போகும் நேர்காணலின் கட்டு எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். எத்தனை ரவுண்டு, எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதற்கு எவ்வளவு மார்க். ஹெச்.ஆர்.-க்குப் போன் செய்து கேட்பதில் தப்பே இல்லை. நேர்காணல் எட்டில் ஒரு பங்குதான் என்றால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்குப் போக வேண்டும். முழுக்க நேர்காணல்தான் என்றால் அதையே பரீட்சை மாதிரி படிக்க வேண்டும்.

இரண்டு. கேட்பவரிடம் தலைப்புகள் இல்லாவிட்டால் நீங்களே தலைப்பு போட்டுக்கொண்டு போங்கள். வேலை விளம்பரத்தை எடுத்து, அவர்கள் கேட்கும் திறமைகளை ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு காரியம்: என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. "கடின உழைப்பாளி" என்று சொல்வதைவிட, காலேஜ் விழாவில் 300 பேருக்குச் சாப்பாட்டுக் கணக்கைக் கவனித்தேன், இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்பது மனதில் நிற்கும். கேள்வி எங்கே சுற்றினாலும் இந்த ஐந்தில் ஒன்றுக்குக் கொண்டுவர முடியும்.

மூன்று. ராமானுஜன் இரண்டாம் தடவை செய்ததைச் செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்டின் கஷ்டமான பகுதியை எடுத்த எடுப்பில் கொட்டாதீர்கள். எதிரே இருப்பவருக்கு அந்தத் துறை தெரியாமலும் இருக்கலாம். எளிய இடத்தில் ஆரம்பித்து, அவர் தலையாட்டுகிறாரா என்று பார்த்து அடுத்த படி ஏறுங்கள். இதை வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லிப் பழகலாம். அவர்களுக்குப் புரிந்தால் ஹெச்.ஆர்.-க்கும் புரியும்.

நான்கு. அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது என்ற கேள்வி இன்றும் வரும். நீதிமன்றம் கண்டித்த கேள்விதான் என்றாலும் அங்கே உட்கார்ந்து வழக்காட முடியாது. ஒரு வரியில், கூச்சமில்லாமல் பதில் சொல்லிவிட்டு, பேச்சை வேலைப் பக்கம் திருப்புங்கள்.

ஐந்து. ஒரு அறையில் சொன்னதையே அடுத்த அறையிலும் சொல்லுங்கள். எஸ்.எஸ்.பி.-யில் மூன்று கண்கள் ஒத்துப்பார்ப்பது மாதிரி, கம்பெனியிலும் இரண்டு ரவுண்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஆறு. ஒரே ஒரு நேர்காணலை வைத்து உங்களை நீங்களே எடைபோடாதீர்கள். ஸ்காட்டின் 36 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கீழ்பாதியில் போட்டவரை இன்னொருவர் மேல்பாதியில் போட்டார். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினேன் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால், அடுத்த நேர்காணலுக்கு அது போதும்.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் சிலர் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களாக இருக்கலாம். இருபது வருடம் முன்னால் இதே தாம்பரத்தில் ஃபைலோடு இறங்கியவர்களாகவும் இருக்கலாம். உங்களுக்குக் கோடு போட நீதிமன்றம் வராது. உங்கள் கையை நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன் கேள்விகளை எழுதிவிடுங்கள். எல்லோரிடமும் அதையே கேளுங்கள். தலைப்புவாரியாக, பக்கத்தில் இருப்பவரைக் கலக்காமல் மார்க் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் திணறுகிற ஆளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவராக இருப்பார்.